பெட்டியின் வயது

கல்லணையில் காவிரியினின்றும் பிரிந்து கிழக்கு நோக்கிச் செல்லும் வெண்ணாறு, பல கிளைகளாய் விரிந்து, மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் இடைப்பட்ட வயல்களை வளம்படுத்துகின்றது. அவ்வயல்களின் நடுவே அமைந்த பேரூர் கூத்தாநல்லூர். முன்னாளில் தஞ்சை மாவட்டத்தில் இருந்த இவ்வூர் இன்று திருவாரூர் மாவட்டத்தைச் சார்ந்தது. ஊரைச் சுற்றிலும் நெல் விளைந்தாலும் ஊராருட் பலர் கடல் கடந்த வாணிகத்தையே வாழ்வாகக் கொண்டனர். இவ்வூர் முஸ்லிம் பெருமக்கள் பல தலைமுறைகளாக மலேயா, சிங்கப்பூர், பர்மா முதலிய நாடுகளுக்குச் சென்று பொருளீட்டினர். ஈட்டிய பொருளால் ஊரிலே பெரிய பெரிய வீடுகள் எடுத்தனர். அக்கம்பக்கத்து ஊரார் இதனைச் ‘சின்னச் சிங்கப்பூர்’ என்று வழங்குவது அதனாலேயாம்.

அந்நாளில் அயல்நாட்டுப் பயணம் என்றால் கப்பற் பயணமே. 1926-இல் கட்டப்பெற்ற ரஜுலா என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்று மீளும். 1973-இல் அக்கப்பல் அப்பணியினின்றும் நீங்கும் வரை, அதன் பெயரை அறியாத வீடு நாகப்பட்டினத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அரிது. கப்பல் கரை சேர்ந்தது என்ற செய்தி வந்த சில நாளில், தகரப் பெட்டிகள் வண்டியில் வந்து இறங்கும். பெட்டியைத் திறக்கும் பொழுது வீடே அதைச் சூழ்ந்து நிற்கும். துணி, குடை, கோடாலித் தைலம், பீங்கான் கோப்பை என்று ஒவ்வொன்றாய் வெளிவரும். சிறுவர்க்கென்று எப்போதேனும் ஒருமுறை வருவது, துளையிட்ட இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்த ஓர் அட்டைப் பெட்டி. அதன் பெயர் மெக்கானோ.

மெக்கானோ, பொம்மை செய்தற்குரிய உறுப்புகளின் தொகுதி. அரை அங்குல அகலமுள்ள பட்டைகள், கோணச் சட்டங்கள், தகடுகள், அச்சுக் கம்பிகள், பித்தளைக் கப்பிகள், பல்சக்கரங்கள், இவற்றைப் பிணைக்கும் சிறிய போல்ட்டுகள், நட்டுகள் ஆகியவை அதில் இருக்கும். பட்டை நெடுகிலும் அரை அங்குலத்திற்கு ஒன்றாகத் துளைகள் வரிசைப்பட்டிருக்கும். ஓர் உறுப்பின் துளை மற்றோர் உறுப்பின் துளையோடு தவறாமற் பொருந்தும். ஆதலின் இன்று பாலமாக நிற்பதைக் கழற்றி நாளை கிரேனாக மாற்றலாம். மறுநாள் அதனையே காற்றாலையாக்கலாம். உடன்வரும் படப் புத்தகத்தைப் பார்த்துச் சிறுவர் தாமே கட்டுவர். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்ததே என்று எவரும் வருந்தியதில்லை. படத்திலுள்ள துளைகளை எண்ணத் தெரிந்தாற் போதும்.

இதனைக் கண்டவர் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தவராகிய பிராங்க் ஹார்ன்பி. 1863-இல் பிறந்த இவர் இறைச்சி இறக்குமதி செய்யும் வாணிகர் ஒருவரிடம் எழுத்தராக இருந்தார். பொறியியல் பயின்றவர் அல்லர். தம் மைந்தர்க்கு விளையாட்டுக் கருவிகள் செய்து கொடுக்கத் தொடங்கியபோது, ஒன்றிற்காகச் செய்த உறுப்பு வேறொன்றிற்குப் பயன்படாமற் போவது அவரை வருத்தியது. எல்லா உறுப்புகளுக்கும் ஒரே அளவான துளை, துளைகளுக்கிடையே ஒரே அளவான தொலைவு என்று வகுத்துவிட்டால் அக்குறை நீங்கும் என்று உணர்ந்தார். தகட்டை வெட்டிப் பட்டைகளைத் தாமே செய்தார். போல்ட்டுகளையும் நட்டுகளையுங்கூட முதலில் கையாலேயே கடைந்தார். காப்புரிமை பெறுவதற்குப் பணம் இல்லை. தம் முதலாளியிடமே ஐந்து பவுன் கடன் வாங்கி 1901-இல் உரிமை பெற்றார். கடன் கொடுத்த அம்முதலாளி பின்னர்ப் பங்காளியாகவும் சேர்ந்தார் என்பது எழுத்தர் வேலையில் இருப்போர் மனங்கொள்ளத்தக்க செய்தி. ‘எளிதாக்கப்பட்ட இயந்திரவியல்’ என்னும் பொருள்பட முதலில் பெயரிடப்பட்ட அத்தொகுதி, 1907-இல் மெக்கானோ என்னும் பெயரைப் பெற்றது. 1908-இல் அப்பெயரால் நிறுவனமும், 1914-இல் லிவர்பூல் பின்ஸ் சாலையில் பெரிய தொழிற்சாலையும் தோன்றின. ஹார்ன்பி 1936-இல் மறைந்தார். தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டது.

விளையாட்டுப் பொருள்தானே என்று இதனை எளிதாக எண்ணற்க. 1934-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்னும் பேராசிரியரும் ஆர்தர் போர்ட்டர் என்னும் மாணவரும், வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு விடை காணும் பொறி ஒன்றைப் பெரும்பாலும் மெக்கானோ உறுப்புகளாலேயே கட்டினர். அதற்கான செலவு ஏறத்தாழ இருபது பவுன். செக் நாட்டில் ‘மெர்க்கூர்’ என்னும் இவ்வகைத் தொகுதி உண்டு. 1961-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓட்டோ விக்டர்லே என்னும் வேதியியல் அறிஞர் தம் வீட்டிலேயே அத்தொகுதியைக் கொண்டு ஒரு பொறி அமைத்து, கண்ணில் அணியும் மென்மையான வில்லைகளை வார்த்தெடுத்தார். சைக்கிள் டைனமோவே அப்பொறியைச் சுழற்றியது. இன்று கண்ணாடிச் சட்டம் இன்றிக் கண்ணுக்குள் வில்லை அணிவோர்க்கும் இவ்விளையாட்டுப் பட்டைகளுக்கும் உள்ள தொடர்பு இது.

இனி, இத்தகைய பழம்பெட்டி ஒன்று கிடைத்தால் அது எக்காலத்தது என்று அறிவது எங்ஙனம்? இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. 1901-இல் ஹார்ன்பி வகுத்த அரை அங்குல இடைவெளி பின்னர் மாறவேயில்லை. முதலாம் உலகப் போருக்கு முன் செய்த பட்டையும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் செய்த பட்டையும் ஒன்றோடொன்று குறைவின்றிப் பொருந்தும். இதுவே அவ்விளையாட்டின் பெருமை. காலம் காண முயல்வோர்க்கு இதுவே தடை. தந்தை வாங்கிய பெட்டியில் மைந்தன் வாங்கியவற்றைச் சேர்ப்பான். பேரன் இரவல் வாங்கி வந்தவற்றையும் அதிலேயே போடுவான். நிறுவனமும் அதனையே விரும்பியது. 1937 முதல் பெட்டிகளுக்குச் சுழி முதல் பத்து வரை எண்ணிட்டு, ஒரு பெட்டியை அடுத்த பெட்டியாக உயர்த்துதற்குரிய துணைப்பெட்டிகளையும் தனியே விற்றது. ஆறாம் பெட்டியை வைத்திருக்கும் சிறுவன் ‘6ஏ’ என்னும் துணைப்பெட்டியை வாங்கிச் சேர்த்தால் அஃது ஏழாம் பெட்டியாகிவிடும். ஆகவே ஒரு பெட்டிக்கு ஓர் ஆண்டைக் குறிப்பது பெரும்பாலும் பிழையாகவே முடியும். உறுப்பு உறுப்பாக எடுத்துப் பார்த்தல் வேண்டும். களத்திற் குவித்த நெல்லில் குறுவையும் சம்பாவும் கலந்து கிடந்தால், கைப்பிடி நெல்லை உள்ளங்கையில் பரப்பி மணி மணியாக நோக்கும் உழவரின் கண் இங்கும் தேவை.

முதற்கண் நோக்கத்தக்கது நிறம். தொடக்க காலத்துப் பட்டைகள் வண்ணம் பூசப்படாதவை; பின்னர் நிக்கல் முலாம் பூசிய வெள்ளொளிப் பட்டைகள் வந்தன. 1926-இல், காப்புரிமை பெற்ற இருபத்தைந்தாம் ஆண்டைக் கொண்டாடும் வகையில், நிறம் பூசிய மெக்கானோ வெளிவந்தது. அப்போது தகடுகள் வெளிர்சிவப்பு. சில சட்டங்கள் பட்டாணிப் பச்சை. அடுத்த ஆண்டே பட்டைகள் முற்றிய வாழையிலை போன்ற கரும்பச்சையும், தகடுகள் நாவற்பழச் சாறு கலந்தாற் போன்ற அடர்சிவப்பும் ஆயின. 1934-இல் பட்டைகளுக்குப் பொன்னிறமும், தகடுகளுக்கு நீலத்தின்மேற் பொற்கோடுகளும் வந்தன. ஆனால் பொன்னும் நீலமும் இங்கிலாந்துக்குள் விற்றவற்றுக்கே உரியவை. அயல்நாடுகளுக்குப் பழைய சிவப்பும் பச்சையுமே தொடர்ந்து அனுப்பப்பட்டன. போர் முடிந்தபின் இங்கிலாந்திலும் சிவப்பு, பச்சையே திரும்பின. 1958-ஐ ஒட்டி இந்நிறங்கள் மேலும் வெளிறின. 1964-க்குப் பின் மஞ்சளும் கறுப்பும் வெள்ளி நிறமும் வந்தன. 1970-ஐ ஒட்டி மஞ்சளும் நீலமும் இடம்பெற்றன.

இதனால் விளைவது யாது? லண்டனில் கிடைத்த பெட்டியானால், பொன்னும் நீலமும் கண்டவுடன் அது போருக்கு முற்பட்டது என்று துணியலாம். மலேயாவிலிருந்து கூத்தாநல்லூருக்கு வந்த பெட்டியில் அவ்வசதி இல்லை. போருக்கு முன்னும் சிவப்பு, பச்சை. போருக்குப் பின்னும் சிவப்பு, பச்சை. சாயலில் உள்ள வேறுபாடு ஒன்றே துணை. அதுவும் முழுமையாக நம்பத்தக்கதன்று. வெயிலில் கிடந்த பட்டை வெளிறும். எண்ணெய் தடவிய பட்டை கருக்கும். துருவை மறைக்க வீட்டார் வண்ணம் பூசியிருப்பதும் உண்டு. அங்ஙனம் பூசியதைத் துளையின் விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும். பல்லாண்டு கையாண்ட பட்டையில் துளையைச் சுற்றிப் போல்ட்டுத் தலை அழுந்திய வளையத் தேய்வு இருக்கும். பின்னாளில் பூசிய வண்ணம் அவ்வளையத்தின் மேலேயே படிந்திருக்கும்.

உறுப்புகளில் பொறித்த பெயரும் நோக்கத்தக்கது. இங்கிலாந்தில் செய்ததா, 1921 முதல் பிரான்சு நாட்டில் நடந்த கிளைத் தொழிற்சாலையில் செய்ததா என்பதை அது தெரிவிக்கும். பிற நிறுவனங்களின் பட்டைகளும் கலந்திருக்கலாம். அமெரிக்காவில் 1913-இல் வெளிவந்த ‘எரெக்டர்’ தொகுதியின் சட்டங்கள் விளிம்பு மடிந்தவை. நான்கைச் சேர்த்தால் உள்ளீடற்ற தூணாகும். மேற்கூறிய மெர்க்கூரின் துளைகள் பத்து மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்தவை. மெக்கானோவின் அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர். பள்ளிச் சிறுவரின் அளவுகோல் ஒன்றே இவற்றைப் பிரித்துக் காட்டப் போதுமானது. நம் நாட்டில் பிற்காலத்தில் மும்பையிலிருந்து வந்த ‘மெக்கானிக்ஸ்’ தொகுதியின் பட்டைகளும் பல வீடுகளில் இவற்றோடு கலந்து கிடக்கின்றன.

எல்லாவற்றினும் உறுதியான சான்று தருவது படப் புத்தகம். அதன் அடியிலோ இறுதிப் பக்கத்திலோ, சாய்கோடுகளால் பிரித்த மூன்று எண் தொகுதிகள் மிகச் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். முதலது அச்சகத்தையும், இறுதியது படிகளின் எண்ணிக்கையையும் குறிப்பன. நடுவில் உள்ளதே வேண்டப்படுவது. மாதத்தையும் ஆண்டின் இறுதி இரண்டு எண்களையும் இடைவெளியின்றிச் சேர்த்து எழுதுவது அந்நிறுவனத்தின் வழக்கம். 556 என்றால் 1956 மே. 1053 என்றால் 1953 அக்டோபர். விலைக்கணக்கு என்று எண்ணிப் பலர் இதனைப் பாராமலே விடுவர்.

இவ்வெண்ணைக் கொள்ளும்போதும் எச்சரிக்கை வேண்டும். ஏட்டுச்சுவடியின் இறுதியில் எழுதியோர் குறிக்கும் ஆண்டு படியெடுத்த ஆண்டேயன்றி, நூல் தோன்றிய ஆண்டாகாது. அதுபோலப் புத்தகம் அச்சிட்ட மாதம், பெட்டி விற்ற மாதம் ஆகாது. அதற்கு முன் விற்றிருக்க இயலாது என்ற ஒன்றையே அஃது உறுதிப்படுத்தும். கீழெல்லை கிடைத்துவிட்டது, மேலெல்லையை வேறு சான்றால் காணவேண்டும்.

இம்முறைகள் யாவும் ஒருசேரப் பயன்பட்டது கூத்தாநல்லூரில் ஒரு வீட்டிலாகும். அவ்வீட்டில் மூன்று ஆண்மக்களும் ஒரு பெண்ணும் பிறந்தனர். மூத்தவர் இளமையிலேயே பினாங்குக்குச் சென்று ஒரு கடையில் அமர்ந்தார். 1941 டிசம்பரில் சப்பானியர் பினாங்கைக் கைப்பற்றினர். அடுத்த பிப்ரவரியில் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அதன்பின் அவரிடமிருந்து கடிதம் இல்லை. போர் முடிந்து கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியபோதும் அவர் வரவில்லை. இன்ன நாளில், இன்ன இடத்தில் இறந்தார் என்று சொல்வாரும் இலர். நடுவிலவர் போருக்குப் பின் சிங்கப்பூர் சென்று வாணிகம் செய்து செழித்தார். இளையவர் ஊரிலேயே இருந்து மறைந்தார். உடன்பிறந்தவருள் இன்று எஞ்சியிருப்பவர், தொண்ணூறு வயதைத் தாண்டிய அப்பெண் ஒருவரே.

பழைய வீட்டை இடித்துப் பங்கு பிரிக்க முடிவு செய்தபோது, மாடியறையில் ஒரு தகரப் பெட்டி அகப்பட்டது. அதனுள் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட மெக்கானோ உறுப்புகள் இருந்தன. மூதாட்டியார் அதனைக் கண்டதும், அது தம் மூத்த தமையனார் அனுப்பியது என்றார். தாம் சிறுமியாக இருந்தபோது, நோன்பு மாதத்தில் ஒரு மாலை, இளைய தமையனார் அப்பட்டைகளால் கிரேன் கட்டி, முற்றத்திலிருந்து திண்ணைக்கு ஒரு பேரீச்சம்பழத்தைத் தூக்கிக் காட்டினார் என்பது அவருடைய நினைவு. நடுவிலவரின் மைந்தர் இருவர். அவர்களும் எழுபதைக் கடந்தவர்கள். தங்கள் அத்தா சிங்கப்பூரிலிருந்து தங்களுக்கென்று கொண்டுவந்த பெட்டி அது என்றும், வெளிநாட்டுத் தாள் சுற்றிய அதனைத் தாங்களே பிரித்ததாகவும் அவர்கள் உறுதியாகக் கூறினர். இரு திறத்தாரும் பொய் பேசுபவர் அல்லர்.

இதனிடையே, பழம்பொருள் வாங்கும் சென்னை வாணிகர் ஒருவர், போருக்கு முற்பட்டது என்றால் கூடுதல் விலை தருவதாகச் சொல்லியனுப்பினார். இளந்தலைமுறையினர் சிலர்க்கு அன்று முதல் மூதாட்டியாரின் கூற்றில் நம்பிக்கை மிகுந்தது. அது அவர்க்கு மகிழ்ச்சி அளிக்கவில்லை. விற்பதற்காகத் தம் சொல் மெய்யாக வேண்டா என்றும், உண்மை இன்னதென்று தெரிந்தாற் போதும் என்றும் அவர் கூறினார். மூத்த தமையனாரின் கையெழுத்தில் சில கடிதங்கள் தவிர வேறொன்றும் வீட்டில் எஞ்சவில்லை. அவருக்கு ஒரு நிழற்படங்கூட இல்லை.

தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராயிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அத்தெருவில் வாழ்ந்தார். அவரை அழைத்தனர். அவர் ஒரு காலிப்பர், ஒரு காந்தம், ஓர் உருப்பெருக்காடி இவற்றோடு வந்து, வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, உறுப்புகளையெல்லாம் அதன்மேற் கொட்டினார். பிரிப்பதற்கே இரண்டு நாள் ஆயின. காந்தத்தை ஒட்டாத பித்தளைச் சக்கரங்களை ஒருபுறம் ஒதுக்கினார். வடநாட்டுத் தொகுதியின் பட்டைகள் சிலவற்றையும், சைக்கிள் கடை நட்டுகள் ஒரு கைப்பிடியையும் கழித்தார். எஞ்சிய தகடுகளைச் சாயல் நோக்கி வரிசைப்படுத்தியபோது அவை இரு கூட்டமாய் நின்றன. பெருங்கூட்டம் பழுத்த மிளகாயின் சிவப்பு. சிறுகூட்டம் நாவற்பழச் சாயல் கலந்த அடர்சிவப்பு. பட்டைகளிலும் அவ்வாறே இரு பச்சைகள். அடர்ந்த நிறத்தனவற்றின் துளைகளைச் சுற்றித் தேய்வு மிகுதியாக இருந்தது.

“அப்படியானால் இரண்டு பெட்டியா, சார்?” என்று பேரப்பிள்ளை ஒருவன் வினவினான்.

“இரண்டு போலத் தெரிகிறது, தம்பி. நிறத்தை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன்” என்று பயிற்றுநர் விடையிறுத்தார்.

மூல அட்டைப் பெட்டியைக் கறையான் தின்றிருந்தது. ஆதலின் மேலட்டையில் இருந்திருக்கக்கூடிய எண்ணைக் காண வழியில்லை. தகரப் பெட்டியின் அடியில் ஒரு படப் புத்தகம் முழுமையாக இருந்தது. அதன் நடுவெண் 455. அஃதாவது 1955 ஏப்ரல். மைந்தர் இருவரும் மகிழ்ந்தனர்; மூதாட்டியார் ஒன்றும் பேசவில்லை. பயிற்றுநர் மட்டும் நிறைவடையாமல், நட்டுகளைப் பொதிந்து வைத்திருந்த பழந்தாள்களை ஒவ்வொன்றாய் விரித்துப் பார்த்தார். அவற்றுள் நான்கு தாள்கள் வேறொரு மெக்கானோப் புத்தகத்தினின்றும் கிழித்தவை. இறுதித் தாளில் எண் இருந்தது, நடுவில் 938. அஃதாவது 1938 செப்டம்பர். அத்தாளிலேயே ஊதா மையில் நீள்வட்டமாய் ஒரு கடை முத்திரை. கடையின் பெயர் அழிந்துபோயிருந்தது. அதன்கீழ் பினாங்கு என்ற ஊர்ப்பெயரும், அதனை அடுத்து ‘எஸ்.எஸ்.’ என்ற ஈரெழுத்துகளும் ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தன.

எஸ்.எஸ். என்பது கப்பற் பெயருக்கு முன் வரும் எழுத்து; ஆதலால் ரஜுலா கப்பலிலேயே ஒரு கடை இருந்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் அதனை ஏற்கும் நிலையில் இருந்தனர். பயிற்றுநர் மூத்த தமையனாரின் கடிதங்களைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும், அவர் தம் முகவரியின் இறுதியில், பினாங்கு என்று எழுதி அதே ஈரெழுத்துகளை இட்டிருந்தார். ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ் என்பதன் சுருக்கம் அது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை ஒன்றாக இணைத்து ஆங்கிலேயர் ஆண்ட பகுதியின் பெயர் அஃது. 1946-இல் அவ்வாட்சிப் பகுதி கலைக்கப்பட்டது.

இத்துடன் வழக்கு முடிந்தது என்று வீட்டார் கருதினர். பயிற்றுநர் அங்ஙனம் கருதவில்லை. ஆட்சி மாறியவுடனே கடைக்காரர் முத்திரையை மாற்றுவார் என்பது என்ன உறுதி? பழைய முத்திரையைச் சில ஆண்டு அவர் வைத்திருந்திருக்கலாம். 1938-இல் அச்சிட்ட புத்தகத்தோடு ஒரு பெட்டி போர் முடியும்வரை விற்காமற் கிடந்திருக்கவும் கூடும். இக்காலத்தில் பழம்பொருள் விற்போர் பலர் இவ்வினாக்களை எழுப்புவதே இல்லை. அவர் எழுப்பினார், எழுப்பிவிட்டு, நடுவிலவரின் மைந்தரையே நோக்கி, அவர்களுடைய அத்தா எப்போதேனும் பினாங்கில் இருந்தாரா என்று கேட்டார். அவர் ஒருநாளும் பினாங்கில் இருந்ததில்லை. கப்பல் அங்கு நின்றபோதுகூட, தமையனை விழுங்கிய ஊர் என்று சொல்லி, அவர் கரையில் இறங்கியதில்லையாம். இதனைக் கூறியவர் அவருடைய மூத்த மைந்தரே. தம் கட்சிக்கு எதிராக முடியும் என்று தெரிந்தும் அவர் அதை மறைக்கவில்லை.

காலத்தால் ஐயமறத் துணிய முடியாததை இடம் துணிந்து காட்டியது. அவ்வீட்டிலிருந்து பினாங்கில் வாழ்ந்தவர் மூத்தவர் ஒருவரே. அவரிடமிருந்து எதுவும் வரக்கூடிய காலம் 1941-ஆம் ஆண்டுடன் முடிந்தது. ஆகவே அடர்நிறச் சிறுகூட்டம், 1938 செப்டம்பருக்கும் 1941 டிசம்பருக்கும் இடையில் அவர் தம் இளைய தம்பிக்கு அனுப்பிய சிறு பெட்டியின் எச்சம் ஆதல் வேண்டும். பெருங்கூட்டம், 1955-க்குப் பின் சிங்கப்பூரிலிருந்து வந்தது. புதுப்பெட்டி வந்தபோது பழையதை எவரோ அதனுடன் கலந்திருக்கின்றனர். ஊரிலிருந்த இளையவரே, தம் பட்டைகளைத் தமையனாரின் மக்களுக்குக் கொடுத்திருத்தல் கூடும். அரை அங்குலத்தில் மாற்றம் இல்லாமையால், கலந்தது எவருக்கும் தெரியவில்லை. விளையாடிய அம்மைந்தர்க்கே தெரியவில்லை.

சென்னை வாணிகர்க்குச் செய்தி போயிற்று. கலப்புப் பெட்டி என்று கேட்டதும் அவர், பழைய உறுப்புகளை மட்டும் தனியே பிரித்துத் தந்தால் வாங்கிக்கொள்வதாக மறுமொழி சொன்னார். மைந்தர் இருவரும் அதற்கு இசையவில்லை. மூதாட்டியாரும் பிரிக்க வேண்டா என்றார். தமக்கு ஒரு தகடு மட்டும் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அடர்சிவப்புத் தகடுகளுள் ஒரு மூலை வளைந்திருந்ததையே அவர் தேர்ந்தெடுத்தார். அன்று பேரீச்சம்பழத்தைத் தாங்கிய தகடு அதுதானா என்று பேரப்பிள்ளைகள் கேட்டதற்கு, அவ்வளவு நினைவு இல்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார்.

மற்றவற்றைத் துணியால் துடைத்து, தையல் எந்திர எண்ணெய் மெல்லத் தடவி, ஈரக்காற்றுப் புகாதபடி தகரப் பெட்டியிலேயே வைத்தனர். காவிரிப் படுகையின் ஐப்பசி மழைக்காலம் இரும்புக்குப் பகை. பயிற்றுநர் ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டினார். முதல் வரி: பினாங்கிலிருந்து வந்தவை, 1938-க்கும் 1941-க்கும் இடையில், உறுப்புகள் எண்பத்து மூன்று. இரண்டாம் வரி: சிங்கப்பூரிலிருந்து வந்தவை, 1955-க்குப் பின், உறுப்புகள் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. மூன்றாம் வரி: இன்னாருடையவை என்று துணிய இயலாதவை, நாற்பத்தொன்று.